ஆழ்வாப்பிள்ளையின் குளமும் இரத்தினம்மாவின் அலவாங்கும்

யாழ்ப்பாணத்து இணுவிலுக்கு மேற்கே, மாரி வெள்ளம் ஓடும் வாய்க்காலை ஒட்டி, ஈச்சம்பள்ளம் என்று பதினொரு வீடுகள் இருந்தன. எல்லாம் மண்சுவர், கிடுகுக் கூரை. அதில் வாய்க்கால் பக்கத்துக் கடைசி வீடு இரத்தினம்மாவுடையது. ஊரில் அவளை வாய்க்காரி என்பார்கள். அவள் அப்படியொன்றும் அதிகம் பேசுகிறவள் அல்ல. கேட்ட கேள்விக்கு மறுமொழி வரும்வரை நின்ற இடத்தை விட்டு அசையமாட்டாள். அந்தக் காலத்தில் கூலிக்காரப் பெண்ணொருத்திக்கு வாய்க்காரிப் பட்டம் வாங்க அதுவே போதும்.

1956இல் அவளும் புருசன் நாகலிங்கமும் வன்னிக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய குளத்தின் கட்டை உயர்த்தும் அரசாங்க வேலை நடந்தது. அவன் மண் வெட்டினான். அவள் கடகத்தில் சுமந்து கொட்டினாள். நாலு வருடம். அங்கே வேலையை மேற்பார்த்த ஓவசியர் ஒரு கடும் பேர்வழி. ஒருநாள், உருளை ஓட்டி இறுக்கி முடித்த கட்டில் விரல் தடிப்பில் ஒரு வேர் தலை நீட்டியிருந்ததைக் கண்டுவிட்டு, அந்தத் துண்டு முழுவதையும் திரும்பக் கிண்டச் சொன்னார். மூன்று நாள் வேலை வீண். ஆட்கள் பல்லைக் கடித்தார்கள். “வேர் உக்கினால் அது குழாய். குழாய்க்குள்ளை தண்ணி போனால் கட்டு போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த வருட முடிவில் நாகலிங்கம் காய்ச்சலில் செத்துப்போனான். இரத்தினம்மா தனியே ஈச்சம்பள்ளத்துக்குத் திரும்பி, வெங்காயத் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் கூலிக்குப் போய்ச் சீவித்தாள்.

1966 வைகாசியில் ஆழ்வாப்பிள்ளை ஊருக்கு வந்தார். கொழும்பில் இரும்புக்கடை வைத்துப் பெரிய ஆளானவர். ஈச்சம்பள்ளத்துக்கு மேலே இருந்த மேட்டு வளவில் கல்வீடு கட்டினார். வீடு முடிந்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. கொழும்பு நண்பர்கள் வந்தால் குளிக்கவும் வள்ளம் விடவும் ஒரு குளம் வேண்டும். வாய்க்காலை மறித்து ஒரு கட்டுப் போட்டால் சரி. எங்கள் கல்லு நிலம் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் லொறி லொறியாகக் களிமண் வந்து இறங்கியது. கட்டின் நடுப்பகுதி இரண்டு ஆள் உயரம். அதன் அடியிலிருந்து இருபது முழம் தள்ளி இரத்தினம்மாவின் வேலி.

மண் சுமக்கப் போனவர்களில் அவளும் ஒருத்தி. இரண்டாம் நாளே அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டு வருகிற இடத்தில் தறித்த பனைகளின் அடிக்குற்றிகள் அப்படியே நின்றன. அவற்றின் மேலேயே மண்ணைக் கொட்டினார்கள். உருளையும் இல்லை, தண்ணீர் தெளிப்பும் இல்லை.

“குற்றியைக் கிளப்பாமல் மண் போடக்கூடாது” என்று வேலையைப் பார்த்த மேசனிடம் சொன்னாள்.

“பனங்குற்றி நூறு வருசம் கிடக்கும். நீ சுமக்கிறதைச் சும.”

“வெளி வைரம் கிடக்கும். வேரும் உள்சோத்தியும் உக்கிப்போகும். நான் வன்னியிலை பாத்தனான்.”

மேசன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இரத்தினம்மா கடகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்தக் கட்டுக்குப் பிறகு ஒரு பிடி மண்ணும் அவள் சுமக்கவில்லை.

அந்த மாரியில் குளம் நிரம்பியது. போயா விடுமுறைகளில் பட்டணத்திலிருந்து கார்கள் வந்தன. பச்சை வர்ணம் பூசிய இரண்டு வள்ளங்கள் மிதந்தன. ரேடியோப் பாட்டு பள்ளம் வரைக்கும் கேட்டது. குளத்துக்கு ஒரு வான் இருந்தது. தண்ணீர் மட்டம் மீறினால் மிகுதி அந்த வான் வழியாக ஓடித் வெறுந்தரையான தரவைக்குப் போய்விடும். ஆனால் தைப்பொங்கல் கழிய நீர் வற்றி வள்ளங்கள் சேற்றில் குந்தின. அது ஆழ்வாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. 1968இல் வானுக்குக் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் சீமெந்துச் சுவர் எழுப்பினார். அதன்பின் தண்ணீர் பங்குனி வரை நின்றது. வழிந்துபோக மட்டும் வழி இல்லாமற் போயிற்று.

சுவர் எழுந்த முதல் மாரியிலேயே இரத்தினம்மாவின் வேலிக்கு மேலே, கட்டின் அடியில், புல்லுக்கு நடுவே ஒரு கசிவு தெரிந்தது. பூனை மூத்திரம் பெய்த அளவுதான். அவள் அந்த இடத்தில் கையால் ஒரு சிறு குழி தோண்டி, தினமும் காலையில் ஒரு சோடாப் போத்தலில் அந்த நீரைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் தெளிவாக வந்தால் கட்டு வியர்க்கிறது, அதனால் பயமில்லை. கலங்கி வந்தால் கட்டின் உள்மண் கரைந்து வருகிறது. தெளிவாகத்தான் வந்தது. ஆனால் கார்த்திகையில் பூனை மூத்திரம் சிறுவிரல் தடிப்பாயிற்று.

அவள் ஆழ்வாப்பிள்ளையிடம் போனாள். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவள் முற்றத்தில் நின்றாள்.

“முதலாளி, கட்டு ஊறுது. வானிலை கட்டின சுவரை உடைச்சு விடுங்கோ. தண்ணி ரண்டு முழம் இறங்கினால் போதும்.”

“எடி, குளம் கட்டினது நீயோ நானோ?”

“நீங்கள்தான். அதுதான் உங்களிட்டை வந்தனான்.”

“இதுக்கு உனக்கு என்ன படிப்பு இருக்கு? எஞ்சினியரோ நீ?”

“நான் எஞ்சினியர் இல்லை. உந்தக் கட்டை ஓர் எஞ்சினியரும் வந்து பாக்கவும் இல்லை.”

அவர் முகம் சிவந்து எழும்பினார். அவள் மறுமொழிக்காகக் காத்து நின்றாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இரத்தினம்மா மத்தியானம் வரை முற்றத்தில் நின்றுவிட்டுத்தான் திரும்பினாள்.

பிறகு கிராமசபைக்குப் போனாள். தலைவர் பொன்னம்பலம் நல்ல மனுசன் என்று பெயர் எடுத்தவர். யாரோடும் கொழுவிச் சண்டை பிடிக்காமலே அந்தப் பெயரை எடுத்தவர். சபை அலுவலகக் கந்தோருக்குள் ஆட்கள் குந்த நீளமான ஒரு மர வாங்கு கிடந்தது. ஈச்சம்பள்ளத்து ஆட்கள் அதில் இருப்பதில்லை, சுவரோரம் நிற்பார்கள். இரத்தினம்மா போய் வாங்கில் இருந்தாள். எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

“அது சபைக் குளம் இல்லையே, பிள்ளை” என்றார் பொன்னம்பலம். “சொந்தக் காணி. அவர் தன்ரை வளவுக்குள்ளை குளம் கட்டுறார், கோயில் கட்டுறார், எங்களுக்கென்ன?”

“குளம் அவரின்ரை வளவுக்குள்ளை. உடைஞ்சால் தண்ணியும் அவரின்ரை வளவுக்குள்ளை நிக்குமோ?”

பொன்னம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டணத்தில் குளங்களுக்குப் பொறுப்பான கந்தோர் ஒன்று இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்றார்.

அங்கேயும் போனாள். நாலு மேசை மாற்றி அனுப்பினார்கள். வயலுக்கு நீர் பாய்ச்சுகிற குளமென்றால்தான் தங்கள் புத்தகத்தில் வரும், விளையாட்டுக்கு வெட்டின குளம் ஒரு புத்தகத்திலும் வராது என்றார்கள். கடைசி மேசையில் குருநகரைச் சேர்ந்த கிறகோரி என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார். கட்டு அளவெடுப்பதும் படம் கீறுவதும் அவர் வேலை. இரத்தினம்மா பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். அதைக் கண்டதும் அவர் பேனையை வைத்துவிட்டார்.

“உப்பிடிப் பாக்க உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. மண் சுமக்கேக்கை கண்ணை மூடிக்கொண்டு சுமக்கேல்லை.”

அடுத்த போயா விடுமுறையன்று கிறகோரி சைக்கிளில் வந்தார். இரத்தினம்மாவின் வேலிக்குள் நின்றே பார்த்தார்; வளவுக்குள் போக அவருக்கு அதிகாரம் இல்லை. கசிவைப் பார்த்தார், கட்டின் உயரத்தைக் கண்ணால் அளந்தார், அடைத்த வானைப் பார்த்தார். வெயிலில் நின்று வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: “நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி. நான் எழுதிக் குடுப்பன். ஆனால் எழுதினதை மேலை ஆரும் வாசிப்பினமோ தெரியாது.”

எழுதிக் கொடுத்தார். தனியார் காணி, தலையிட முடியாது என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது.

விசயம் ஆழ்வாப்பிள்ளையின் காதுக்குப் போனது. அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு ஆளனுப்பினார். இரத்தினம்மாவுக்குச் சுன்னாகத்துப் பக்கம் இரண்டு பரப்புக் காணி தருகிறாராம், குடிபெயர்ந்து போகட்டுமாம். பக்கத்து வீட்டு இராசமலர் ஓடிவந்தாள். அவளும் அவள் புருசனும் ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்தில்தான் வேலை செய்தார்கள்.

“வாங்கிக்கொண்டு போ, அக்கா. சும்மா கிடைக்கிற காணி.”

“நான் போனால் கசிவு நிண்டிடுமோ?”

“உனக்கு ஆபத்து இல்லையே.”

“பிறகு உன்ரை வீடுதானே கடைசி வீடு?”

இராசமலர் திரும்பிப் போனாள். காணி பற்றிய கதையும் அத்தோடு முடிந்தது.

1969 மார்கழியில் மழை பிடித்தது. முதல் நாள் தூறல். இரண்டாம் நாள் கிணறுகள் நிரம்பின. மூன்றாம் நாள் தோட்டங்களில் வெங்காயம் மிதந்தது. நாலாம் நாள் விடிந்ததும் இரத்தினம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலிக்கு மேலே போனாள். கசிவு கைத்தடிப்பில் பீறியது. போத்தலில் பிடித்தாள். தூக்கிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. பால் விட்ட கோப்பி மாதிரி இருந்தது.

அவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். “பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கோ. பெட்டி சட்டியைப் பாக்காதேங்கோ.” ஆட்கள் அசைவதைக் கண்டதும் வீட்டுக்கு வந்து, கூரைக்குள் செருகியிருந்த அலவாங்கை இழுத்தாள். வன்னியில் நாகலிங்கம் கல்லுக் கிளப்பிய நாலரை அடி இரும்புக் கடப்பாரை. வாசல் படலையில் இராசமலர் மண்வெட்டியோடு நின்றாள்.

“நீ ஏன்? உனக்கு வேலை போயிடும்.”

“வீடு போனால் வேலையை வைச்சு என்ன செய்யிறது? நட, அக்கா.”

வேறு இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் கிழவர்களையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். நாலு பெண்களும் கம்பி வேலியை விலக்கி வளவுக்குள் நுழைந்து வானடிக்குப் போனார்கள். குளம் விளிம்பு முட்டி நின்றது. காற்று அடிக்கும்போது அலை கட்டைத் தாண்டித் தெறித்தது. சீமெந்துச் சுவரின் தலைக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி.

இரத்தினம்மா அலவாங்கை ஓங்கிக் குத்தினாள். சுவரில் வெள்ளைத் தழும்பு விழுந்தது, அவ்வளவுதான். திரும்பவும் அதே இடத்தில் குத்தினாள். திரும்பவும். பத்தாவது குத்தில் ஒரு கல் அசைந்தது. குடையைப் பிடித்தபடி ஆழ்வாப்பிள்ளை ஓடிவந்தார். உடுத்திருந்த சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது.

“எடியே! ஆரைக் கேட்டு உடைக்கிறாய்? பொலிசுக்கு அறிவிப்பன்!”

“அறிவியுங்கோ” என்றாள் இரத்தினம்மா, குத்தியபடியே. “வரேக்கை ஒரு பெரிய அலவாங்காக் கொண்டுவரச் சொல்லுங்கோ. இது பத்தாது.”

அவர் அவள் கையைப் பிடிக்க வந்தார். இராசமலர் மண்வெட்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றாள். அவரிடம் கூலி வாங்குகிறவள் அவர் முகத்தை நேரே பார்த்தது அன்றைக்குத்தான். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

கல் பெயர்ந்தது. ஒரு கை அளவு நீர் பாய்ந்தது. அதன் பிறகு தண்ணீரே வேலையைச் செய்தது. பத்து நிமிடத்தில் சுவர் பாதியாகப் பிளந்து, பழுப்பு வெள்ளம் இரைந்துகொண்டு தரவைப் பக்கம் இறங்கியது. வள்ளமொன்று கட்டறுத்து வானில் மோதி உடைந்தது. மத்தியானத்துக்குள் குளம் இரண்டு முழம் வற்றியது. கசிவு சுருங்கியது. பின்னேரம் நீர் தெளிந்து வந்தது.

கட்டு உடையவில்லை. இரத்தினம்மாவுக்குக் கேடாய் முடிந்ததும் அதுதான். உடைந்து பதினொரு வீடும் போயிருந்தால் அவள் சொன்னது சரி என்று ஊர் அழுதிருக்கும். நின்ற கட்டைக் காட்டி ஆழ்வாப்பிள்ளை வழக்குப் போட்டார்: அத்துமீறி நுழைந்தது, சுவர் உடைத்தது, வள்ளத்தை நாசமாக்கியது. மற்றப் பெண்களின் பெயரை இரத்தினம்மா கடைசிவரை சொல்லவில்லை. தான் தனியே உடைத்ததாகவே சொன்னாள்.

வழக்கு நடந்த கோட்டில் ஆழ்வாப்பிள்ளைக்காக வாதாடிய பிரக்கிராசியார் கேட்டார்: “கட்டு உடைஞ்சதோ?”

“இல்லை.”

“அப்ப நீர் சொன்ன ஆபத்து எங்கை போனது?”

“வான் வழியாப் போயிட்டுது.”

கோட்டில் சிரிப்புக் கிளம்பியது. கிறகோரி லீவு போட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார். அந்தக் குளத்தைப் பார்வையிட உமக்கு அதிகாரம் இருந்ததா என்று பிரக்கிராசியார் கேட்டார். இல்லை என்றார். அத்தோடு அவர் சாட்சி எடுபடவில்லை. மூன்று மாதத்தில் அவரை மன்னாருக்கு மாற்றினார்கள்.

நீதவான் கடுமையானவர் அல்ல. “நடந்ததுக்கு மன்னிப்புக் கேளும். எச்சரித்து விட்டுவிடுகிறேன்” என்றார்.

“கேக்கமாட்டன், ஐயா. அடுத்த மாரியிலும் உப்பிடித் தண்ணி நிண்டால் திரும்பவும் உடைப்பன். இண்டைக்குக் கேட்ட மன்னிப்பு அண்டைக்குப் பொய்யாய்ப் போம்.”

தண்டம் கட்டு, இல்லையேல் இரண்டு கிழமை சிறையில் மறியல் என்று தீர்ப்பாயிற்று. ஈச்சம்பள்ளத்தார் தண்டக்காசைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் தொடவில்லை. “உதைக் கட்டினால் நான் செய்தது பிழையெண்டு நீங்களும் கையெழுத்து வைச்ச மாதிரி” என்றுவிட்டு மறியலுக்குப் போனாள். அங்கே பயமாக இருந்தது என்று பின்னால் இராசமலரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். மூன்று இரவு நித்திரை இல்லையாம். ஆனால் வெளியே வந்த அன்று தலையை நிமிர்த்திக்கொண்டுதான் ஒழுங்கையால் நடந்தாள்.

பங்குனியில், ஒருவரும் எதிர்பாராத ஆள் அவள் வேலியடிக்கு வந்தார். ஆழ்வாப்பிள்ளையின் மனைவி மகாதேவி. அவருடைய பேரப்பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்தால் அந்தக் குளத்தில்தான் முழு நாளும் கிடப்பார்கள்.

“உண்மையாய்ச் சொல்லும். அந்தக் கட்டுக்குள்ளை பழுது இருக்கோ?”

“வெட்டிப் பாருங்கோ. இடத்தை நான் வந்து காட்டுறன். ஆனால் கூலிக்காரர் வாற பின்படலையாலை வரமாட்டன்.”

மகாதேவி மேட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “முன் கேற்றாலையே வாரும்” என்றார்.

அடுத்த நாள் காலை இரத்தினம்மா முன் கேற்றால் நடந்து போனாள். வற்றிக் கிடந்த குளத்தின் கட்டில் ஒரு இடத்தைக் காட்டினாள். இரண்டு ஆட்கள் வெட்டினார்கள். மூன்று முழ ஆழத்தில் கறுத்து உக்கிய நார் கிளம்பியது. பிறகு பனங்குற்றியின் கோது. அதன் வேர் போன வழியே, கை நுழைகிற ஒரு பொந்து. இரத்தினம்மா ஒரு நீளக் கம்பை அதற்குள் விட்டாள். கம்பு எங்கும் தட்டாமல் முழுதாக உள்ளே போனது.

ஆழ்வாப்பிள்ளை விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து பொந்தைப் பார்த்தார். “இன்னும் எத்தினை நாள் நிண்டிருக்கும்?” என்று கேட்டார்.

“நாளோ? அண்டைக்குப் பொழுதுபடுமட்டும் நிண்டிராது.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வழக்கைப் பற்றியும் பேசவில்லை. குற்றிகளைக் கிளப்பிக் கட்டைத் திரும்ப இறுக்குவித்தார். வானில் சுவர் கட்டவில்லை.

ஊர் அதோடு திருப்திப்பட்டது. இரத்தினம்மா படவில்லை. திரும்பவும் கிராமசபைக்குப் போய் அதே வாங்கில் இருந்தாள். சபை எல்லைக்குள் ஆர் தண்ணீரை மறித்துக் கட்டினாலும், ஐப்பசி பிறந்ததும் மூன்று பேர் போய்க் கட்டையும் வானையும் பார்க்கவேண்டும். அதில் ஒருவர் கட்டுக்குக் கீழே குடியிருக்கிற ஆளாக இருக்கவேண்டும். இதுதான் அவள் கேட்டது.

“இந்த ஊரிலை உப்பிடிக் குளம் ஒண்டுதானே இருக்கு” என்றார் பொன்னம்பலம்.

“ஒண்டுக்குத்தான் கேக்கிறன்.”

நாலு கூட்டம் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். நாலு கூட்டத்துக்கும் ஈச்சம்பள்ளத்துப் பெண்கள் வந்து அவளோடு வாங்கை நிறைத்துக்கொண்டு இருந்தார்கள். ஐந்தாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதற்குச் சட்டவலு இல்லை என்று ஆழ்வாப்பிள்ளையின் பிரக்கிராசியார் கடிதம் எழுதினார். இருக்கலாம். ஒவ்வொரு ஐப்பசியும் இரத்தினம்மா போனாள். ஒரு வருடம் கேற் பூட்டிக் கிடந்தது. அவள் கேற்றடியில் குந்தியிருந்தாள். மத்தியானம் மகாதேவியே வந்து திறந்துவிட்டார்.

ஆழ்வாப்பிள்ளை 1974இல் காலமானார். சில வருடங்களில் பிள்ளைகள் வளவை விற்றார்கள். வாங்கினவர் கனகரத்தினம், விருந்தாளிகள் தங்குகிற விடுதியாக அதை மாற்ற நினைத்தவர். 1981இல் கிராமசபைகளும் இல்லாமற் போயின. தீர்மானம் எழுதிய புத்தகம் எந்த அலுமாரிக்குள் போனதென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த ஐப்பசியில் இரத்தினம்மா, இராசமலரையும் இன்னும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போனாள். அப்போது அவளுக்கு ஐம்பது வயது. கனகரத்தினம் புதிய கணக்குப்பிள்ளையோடு அங்கே நின்றார்.

“சபையே இல்லை எண்டாச்சு. இனி உங்களுக்கு அதிகாரம் தந்தது ஆர்?”

“முந்தியும் ஒருத்தரும் தரேல்லை” என்றாள் இரத்தினம்மா. “நீங்கள் மேலை தண்ணி வைச்சிருக்கிறியள். நாங்கள் கீழை படுத்து எழும்புறம். திறவுங்கோ.”

கணக்குப்பிள்ளை முதலாளியின் முகத்தைப் பார்த்தான். கனகரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நாளைக்கு வாருங்கள், ஆளோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றார். வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இரத்தினம்மா கையை நீட்டிக் கொளுக்கியைத் தானே கழற்றிக் கேற்றைத் தள்ளினாள். ஐந்து பெண்களும் உள்ளே போய், கட்டின் ஒரு தலைப்பிலிருந்து மற்றத் தலைப்பு வரை புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். கனகரத்தினமும் அவர்களுக்குப் பின்னால் போனார்.